காலிக் கோட்டை மதிலைச் சுற்றி ஒரு மாலை நடை: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் தென்கரையில் உள்ள காலிக் கோட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கலங்கரை விளக்கத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தெருக்களில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தெருக்கள் பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் கோட்டையின் கதை முழுவதும் மதிலின் மேல் இருக்கிறது. வழிகாட்டி யாரும் இல்லாமல், நுழைவுக் கட்டணம் இல்லாமல், ஒரே மாலையில் நீங்களாகவே நடந்து முடிக்கலாம்.

புறப்படும் முன் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மதில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. வடக்கே, நிலத்தைப் பார்க்கும் பக்கத்தில், அது ஒரு குன்றைப் போலத் தடித்து உயர்ந்து நிற்கிறது. தெற்கே, இந்தியப் பெருங்கடலைப் பார்க்கும் பக்கத்தில், பாறையின் வளைவைப் பின்பற்றி மெலிந்து ஓடுகிறது. கடல் வழியே வந்து கடலாலேயே பிழைத்தவர்கள் ஏன் நிலத்துக்கு இவ்வளவு பயந்தார்கள்? மதிலிலிருந்து முன்னே துருத்தி நிற்கும் பீரங்கி மேடைகளான கொத்தளங்கள் ஒவ்வொன்றிலும் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே நடந்தால் கல்லும் சுண்ணாம்பும் தாமாகவே பதில் சொல்லும். அதற்காகத்தான் கீழே உள்ள வழியை நான் பரிந்துரைக்கிறேன்.

நடப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். காலியில் அவர்கள் கோட்டை கட்டியது அந்த நூற்றாண்டின் இறுதியில். கடலுக்குள் நீண்டிருக்கும் இந்தப் பாறை நிலத்தின் மூன்று பக்கமும் அலையும் கற்பாறையும் காவல் என்பதால், நான்காவது பக்கமான வடக்கை மட்டும் குறுக்கே அடைத்தால் போதும் என்று நினைத்தார்கள். துறைமுகத்தைப் பார்க்க ஒரு சிறு கோட்டையையும் வைத்துக்கொண்டார்கள்.

1640 மார்ச்சில் வில்லெம் யாகப்ஸோன் கோஸ்டர் தலைமையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வந்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு அவர்களுக்கு அப்போது உடன்படிக்கை இருந்தது. கப்பல்களைக் கோட்டையின் முன் நிறுத்தி மோதாமல், அருகில் இருக்கும் உணவட்டுனவில் இறங்கி, நிலவழியே வந்து வடக்கு மதிலைத் தாக்கினார்கள். மார்ச் 13 அன்று கோட்டை விழுந்தது. வென்ற கோஸ்டர் அதே ஆண்டு, கண்டியிலிருந்து திரும்பும் வழியில், உடன் வந்த காவலர்களாலேயே கொல்லப்பட்டார். கோட்டை எந்தப் பக்கத்திலிருந்து வீழும் என்பதை ஒல்லாந்தர் தம் கையாலேயே கண்டவர்கள். கூட்டாளியாக இருந்த அரசன் எவ்வளவு விரைவில் எதிரியாவான் என்பதையும் கண்டவர்கள். பிறகு அவர்கள் கட்டியது எல்லாம் அந்த இரண்டு பாடங்களின் மேல்தான்.

இந்த நடைக்கு மூன்று ஆண்டுகள் நினைவில் இருந்தால் போதும். 1667இல் வடக்கு மதில் மூன்று பெரிய கொத்தளங்களாக உருப்பெற்றது. பழைய வாசலில் பொறித்திருக்கும் ஆண்டு 1669. கடல்பக்க மதில் நிறைவுற்றது 1729இல். நிலத்தை அடைத்து முடித்து அறுபது ஆண்டுகள் கழித்தே கடலை அடைத்து முடித்தார்கள்.

1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொழும்பு சரணடைந்ததைத் தொடர்ந்து காலியும் கைமாறியதால் இங்கே போர் நடக்கவில்லை. மதிலில் அந்தக் காலத்துக் குண்டுக் காயம் தேட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் செயற்கைத் துறைமுகம் எழுந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. கொழும்புக் கோட்டையின் மதில்களை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். காலியில் இடிக்க வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. வணிகம் போனதால் மதில் தப்பியது. 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

எப்போது, எப்படிப் போவது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். வானமும் தெளிவாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மதிலில் நேராக வந்து அறையும். அந்த மாதங்களிலும் போகலாம். அலை மதிலின் காலடியில் உடைவதைப் பார்க்க அதுவே நல்ல காலம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ஈரமான கல் வழுக்கும், குடை நிற்காது.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் வருவதே சிறந்தது. இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். காலியை நோக்கி வரும்போது வலப்பக்க ஜன்னலில் இடம் பிடியுங்கள்; பாதி வழிக்கு மேல் கடல் தண்டவாளத்தை ஒட்டியே வரும். அவசரமானவர்களுக்கு, கொழும்பின் புறநகரான மாகும்புரவிலிருந்து தெற்கு அதிவேகப் பாதையில் வரும் பஸ் இருக்கிறது. காலியில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே உள்ளன. அங்கிருந்து கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி நடந்தால் பத்து நிமிடத்துக்குள் கோட்டை வாசல். முச்சக்கர வண்டி தேவையில்லை.

மதிலின் முழுச் சுற்று சுமார் 3 கிலோமீட்டர். நின்று பார்த்து நடக்க இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலை 3.30க்குத் தொடங்குவது என் பரிந்துரை. இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 6 மணியை ஒட்டியே மறைகிறது. கீழே சொல்லியிருக்கும் திசையில் நடந்தால், கிழக்குப் பக்கத்தைப் பார்க்கும்போது வெயில் உங்கள் முதுகில் இருக்கும். மேற்கு மதிலுக்கு வரும்போது சூரியன் கடலுக்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். காலையில் மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் 6.30க்கு முன்பே வந்து இதே வழியைத் தலைகீழாக நடந்துகொள்ளுங்கள். பகல் 11 முதல் 3 வரை மட்டும் வேண்டாம். மதிலின் மேல் நிழல் கிடையாது.

பிடிப்புள்ள செருப்பு, தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். மதிலின் மேல் கழிப்பறை இல்லை. கோட்டைக்குள் இருக்கும் சிற்றுண்டிக் கடைகளில்தான் வசதி. குழந்தைகளோடு வருபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்: மதிலின் வெளி விளிம்பில் பல இடங்களில் தடுப்பு எதுவும் இல்லை, கீழே பாறை. கையைப் பிடித்தே நடத்திச் செல்லுங்கள்.

முதல் கட்டம்: வடக்கு மதில்

இந்த நடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அவசரப்பட வேண்டாம்.

உள்ளே நுழையும் முன் மைதானத்தின் பக்கமிருந்தே மதிலை நிமிர்ந்து பாருங்கள். நடுவில் மணிக்கூண்டோடு நிற்பது சந்திரக் கொத்தளம். வலக்கைப் பக்கம், மேற்குக் கடலை ஒட்டி நட்சத்திரக் கொத்தளம். இடக்கைப் பக்கம், துறைமுகத்தை ஒட்டி சூரியக் கொத்தளம். கடலிலிருந்து கடல்வரை இந்த மூன்றும் சேர்ந்து நிலத்தை அறுத்துப் பிரிக்கின்றன. முன்னே ஒரு காலத்தில் அகழி இருந்தது. நீங்கள் உள்ளே போகும் வாசல் ஒல்லாந்தர் காலத்தது கிடையாது. போக்குவரத்துக்காக 1873இல் ஆங்கிலேயர் மதிலை உடைத்துத் திறந்தது. ஒல்லாந்தர் இந்தப் பக்கம் இவ்வளவு அகலமான வழியை வைத்திருக்கவே மாட்டார்கள் என்பது மேலே ஏறியதும் புரியும்.

வாசலைக் கடந்ததும் வலப்பக்கம் திரும்பி மேலே ஏறுங்கள். சந்திரக் கொத்தளம். மணிக்கூண்டு 1883இல் எழுந்தது. காலியில் புகழ்பெற்ற மருத்துவராக இருந்த பி. டி. அந்தோனிஸின் சேவையைப் போற்றி ஊரார் பணம் திரட்டிக் கட்டியது. படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிடாதீர்கள். கொத்தளத்தின் பக்கவாட்டு விளிம்புக்கு நகர்ந்து, மேற்கே நட்சத்திரக் கொத்தளத்தை நோக்கி மதிலின் முகத்தை நீளவாக்கில் பாருங்கள்.

இப்போது நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு பீரங்கி இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அது நேராக எதிரியை நோக்கிச் சுடுவதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு இருந்தது. மதிலின் அடிவாரத்துக்கு வந்து ஏணி வைக்கிறவனை மதிலுக்கு நேர் மேலே நிற்பவனால் சுட முடியாது. எட்டிப் பார்த்தால் தன் தலை போகும். ஆனால் முன்னே துருத்தி நிற்கும் கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்து சுட்டால், மதிலின் முகத்தை ஒட்டியே குண்டு ஓடும். சந்திரக் கொத்தளம் நட்சத்திரத்தின் பக்கத்து மதிலைக் காக்கும். நட்சத்திரம் சந்திரனின் பக்கத்தைக் காக்கும். யாரும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை, ஒவ்வொன்றும் அடுத்ததைக் காக்கிறது. இதை இங்கே நின்று ஒரு முறை கண்ணால் அளந்துவிட்டால், உலகத்தில் எந்த ஐரோப்பியக் கோட்டையின் வரைபடத்தைப் பார்த்தாலும் அந்தக் கூர்முனைகள் ஏன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தர் இதே கணக்கைச் சமதரையில் ஐங்கோணமாகப் போட்டார்கள். காலியில் பாறை அவர்களுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்கவில்லை.

மதிலின் தடிமனையும் இங்கேயே பார்க்க வேண்டும். செங்குத்தாக உயர்ந்த பழைய பாணிச் சுவர் பீரங்கிக் குண்டு பட்டால் பிளந்து விழும். எனவே வெளியே கல், உள்ளே மண் என்று அகலமாகக் கட்டினார்கள்; குண்டு மண்ணில் புதைந்து அடங்கும். நீங்கள் புல்தரையில் நடப்பதாக நினைக்கிறீர்கள். உங்கள் காலடியில் இருப்பது குண்டை விழுங்குவதற்காகக் கொட்டிய மண்.

இங்கிருந்து கீழே தெரியும் மைதானம், முன்பு கோட்டையின் எதிரே வெறுமையாக விடப்பட்டிருந்த வெளி. மறைந்து முன்னேற இடம் இருக்கக்கூடாது என்றால் வெளி வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் அது விளையாட்டு வெளியாயிற்று. 1998இல் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. 2010 ஜூலை 22 அன்று, முத்தையா முரளிதரன் தம் கடைசி டெஸ்டில், இந்தியாவின் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டை எடுத்தது இந்தப் புல்லில்தான். பிடியெடுத்தவர் மஹேல ஜயவர்தன. டெஸ்ட் நாட்களில் மதிலின் மேல் நின்று ஆட்டம் பார்க்கும் கூட்டம் காலிக்கே உரியது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது மைதானமும் பஸ் நிலையமும் நீரில் மூழ்கிச் சிதைந்தன. மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. அந்த நாளில் பலர் இந்த மதிலின் மேல் நின்றுதான் கீழே நடந்த அழிவைப் பார்த்தார்கள். இங்கே சற்று நேரம் பேசாமல் நிற்பது நல்லது.

நட்சத்திரக் கொத்தளத்தை இப்போது தொட வேண்டாம். கடைசியில் அங்கே வருவோம். திரும்பி, வாசலைக் கடந்து சூரியக் கொத்தளத்துக்கு நடந்து, துறைமுகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே இறங்குங்கள்.

இரண்டாம் கட்டம்: பழைய வாசலும் நீதிமன்றச் சதுக்கமும்

இந்தப் பகுதியில் மதிலின் மேல் தொடர்ந்து நடக்க முடியாது. பல இடங்களில் அரசு அலுவலகங்களும் பழைய பண்டகசாலையும் மதிலோடு ஒட்டிப்போயிருக்கின்றன. எனவே தெருவழியே போக வேண்டும். குயின் தெருவைப் பிடித்துக் கிழக்கே போனால் பழைய வாசல் வரும்.

வாசலின் உட்புறத்தில், தலைக்கு மேலே, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். இரு பக்கமும் சிங்கங்கள், உச்சியில் ஒரு சேவல், கீழே உரோம எண்களில் 1669. இப்போது வாசலுக்குள் நடந்து வெளியே போய்த் திரும்பிப் பாருங்கள். வெளிப்புறத்தில் பிரித்தானிய அரச சின்னம். பழையதைப் பெயர்த்து எறியாமல், வருகிறவர்கள் கண்ணில் படும் பக்கத்தில் மட்டும் தம் சின்னத்தை வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரண்டையும் பார்க்காமல் போகிறவர்கள் பாதி வாசலைத்தான் பார்த்தவர்கள்.

வாசலைக் கொண்டிருக்கும் நீண்ட கட்டடமே பண்டகசாலை. கப்பலில் ஏற்றும் சரக்கு இங்கே அடைந்து கிடந்தது. இலவங்கப்பட்டை அதில் தலையானது. இந்த மதில் காத்தது ஊரைக் காட்டிலும் இந்தச் சரக்கைத்தான். இன்று இதற்குள் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. 1659இல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கிய ‘அவோண்ட்ஸ்டர்’ என்ற ஒல்லாந்தக் கப்பலைப் பற்றி இங்கே அறியலாம். உள்ளே போவதென்றால் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் வேண்டும். மாலை நடைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வாசலிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் நீதிமன்றச் சதுக்கம். பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் வழக்கறிஞர்கள், வழக்குக்காக வந்து காத்திருக்கும் கிராமத்து மக்கள். காலிக் கோட்டை பார்வையாளர்களுக்காக மட்டும் வைத்திருக்கும் அலங்காரப் பொருளாகிவிடவில்லை என்பதை இந்தச் சதுக்கம் காட்டுகிறது. நடையில் நிழல் கிடைக்கும் ஒரே இடமும் இதுதான், தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கட்டம்: துறைமுகத்தைப் பார்க்கும் கிழக்கு மதில்

சதுக்கத்தின் பக்கத்தில் ‘ஸ்வார்ட்’ எனப்படும் கறுப்புக் கொத்தளம். போர்த்துக்கேயர் துறைமுகத்தைப் பார்க்க வைத்த சிறு கோட்டையின் இடம் இது. கோட்டையின் மிகப் பழைய பகுதி. உள்ளே போக முடியாவிட்டால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது அக்கர்ஸ்லூட் கொத்தளம். கோஸ்டர் பிறந்த ஊரின் பெயர். அதன் அருகே, தூண்களும் நீண்ட தாழ்வாரமும் கொண்ட ஒல்லாந்தர் மருத்துவமனை. இப்போது கடைகளும் உணவகங்களும். தேநீர் குடிக்க வேண்டும் என்றால் இங்கே குடித்துவிடுங்கள், இனி மதிலின் மேல் கடை இல்லை.

இங்கிருந்து விரிகுடாவை நன்றாகப் பாருங்கள். எதிர்க்கரையில் வெள்ளைத் தூபியோடு தெரியும் குன்று ரூமஸ்ஸல. அனுமன் தூக்கி வந்த சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்று ஊர்க்கதை சொல்கிறது. குன்றுக்கு அப்பால் உணவட்டுன, ஒல்லாந்தர் இறங்கிய கரை.

கோட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த விரிகுடா உலகம் அறிந்த துறைமுகம். சீனத் தளபதி செங் ஹே பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுவிய கல்வெட்டு 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து அகப்பட்டது. 1409ஆம் ஆண்டுக்குரிய அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவந்துறையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. இந்தக் கடலில் வணிகம் செய்ய வந்தவன் தமிழில் எழுத வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரும்பும் வழியில் நேரம் இருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

அக்கர்ஸ்லூட்டிலிருந்து தெற்கே அரோரா கொத்தளம். உரோமர்களின் விடியல் தேவதையின் பெயர்; கிழக்கைப் பார்த்து நிற்கிறது. நிலப்பக்கத்துக்குச் சூரியன், சந்திரன், நட்சத்திரம். கடல்பக்கத்துக்குக் கடல் தெய்வங்களும் காற்றுத் தெய்வமும். பெயர் வைத்தவர்கள் திசையைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான்காம் கட்டம்: தென்முனை

உட்ரெக்ட் முனைக் கொத்தளத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. இங்கே 1848இல் ஆங்கிலேயர் நிறுவிய இரும்பு விளக்கு தீயில் அழிந்தது. இப்போதுள்ளது 1939இல் கட்டியது, உயரம் 26.5 மீட்டர். கீழே சிறு மணற்கரை ஒன்று இருக்கிறது; பிள்ளைகள் நீந்துவார்கள். விளக்கின் அருகே உள்ள பழைய வெடிமருந்துக் கிடங்கையும் பாருங்கள். தடித்த சுவர், கனமான கூரை. உள்ளே தீப்பிடித்தாலும் ஊர் பிழைக்க வேண்டும் என்ற கணக்கு.

விளக்குக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்தில் மீரான் ஜும்மா பள்ளிவாசல். முதல் பார்வைக்கு ஐரோப்பியத் தேவாலயம் போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் பிறையும் அரபு எழுத்தும் தெரியும். கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் மக்கள் பலரின் வீட்டு மொழி தமிழ். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு ஸலாம் சொல்லித் தமிழில் பேச்சுக் கொடுங்கள்; அச்சிட்ட எந்தக் கையேட்டிலும் கிடைக்காத செய்தி கிடைக்கும். தொழுகை நேரத்தில் மட்டும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மதிலின் மேல் மேற்கே தொடர்ந்தால் கொடிப்பாறை. கோட்டையின் தென்கோடி. வழியில் சுவரின் கற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல்லுக்கு இடையே வெளிறிய, துளைதுளையான கற்கள் தெரியும், பவளப்பாறை. சிலவற்றில் பவளப்பூச்சிகளின் வரிகள் இன்னும் இருக்கின்றன. கடலிலிருந்து வெட்டி எடுத்துக் கடலையே பார்த்து நிற்க வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குக் கொடிப்பாறை பதில் சொல்கிறது. கீழே பாருங்கள். நீருக்கு மேலே தலைகாட்டும் பாறைகள் சில, நீருக்கு அடியில் மறைந்திருக்கும் பாறைகள் பல. நுரை எங்கெல்லாம் வெடிக்கிறதோ அங்கெல்லாம் ஒரு பாறை. துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களுக்கு இங்கிருந்து கொடி காட்டி எச்சரித்தார்கள்; பாறையின் பெயரே அந்த வேலையிலிருந்து வந்தது. நட்பாக வரும் கப்பலுக்கே இவ்வளவு ஆபத்து என்றால், பீரங்கியைச் சுமந்து பகையாக வரும் கப்பல் இந்தப் பக்கம் எப்படி அணுகும்? கடலை இயற்கை ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தது. மனிதன் அடைக்க வேண்டியிருந்தது நிலத்தை மட்டும்தான். கண்டி அரசனின் படையும், உணவட்டுனவில் இறங்கக்கூடிய இன்னொரு கோஸ்டரும் வடக்கிலிருந்துதான் வர முடியும். கல்லும் உழைப்பும் பணமும் ஏன் அங்கே போய்க் குவிந்தன என்பது இந்தப் பாறையில் நின்றால்தான் புரியும்.

இங்கே இளைஞர்கள் சிலர் மதிலிலிருந்து கடலில் குதித்துக் காட்டிப் பணம் கேட்பார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எந்தக் காரணம் கொண்டும் முயல வேண்டாம். பணம் கொடுத்து ஊக்கப்படுத்துவதையும் நான் விரும்பவில்லை.

ஐந்தாம் கட்டம்: மேற்கு மதிலும் அந்தி வெயிலும்

இனி வழி தடையில்லாதது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கொஞ்சம் கீழே வீடுகளின் ஓட்டுக் கூரைகள், நடுவே புல் பாதை. மாலை 5.15க்கு நீங்கள் இங்கே இருந்தால் நேரம் சரியாக வந்திருக்கிறது.

டிரைட்டன் கொத்தளத்தில் ஒரு காலத்தில் காற்றாலை இருந்தது. கடல்நீரை அது மேலே இறைத்துக் கொடுக்க, தெருப்புழுதி அடங்க அந்த நீரைத் தெளித்தார்கள். ஒல்லாந்தரின் நிலத்தடி வடிகால்களும் அப்படித்தான்: கடல் ஏறும்போது நீர் உள்ளே புகுந்து, இறங்கும்போது கழிவை இழுத்துக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். வெளியே பகைவனைத் தடுத்த கடலை உள்ளே துப்புரவு வேலைக்கும் அமர்த்தியிருக்கிறார்கள். கோட்டை கட்டியவர்களிடம் நான் மிகவும் மதிப்பது பீரங்கிக் கணக்கைவிட இந்த வடிகால் கணக்கைத்தான்.

அடுத்து நெப்டியூன், பிறகு கிளிப்பன்பர்க். இரண்டிலும் பார்க்க அதிகம் இல்லை. உட்காருவதற்கு நல்ல இடங்கள். ஊர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து அமர்வார்கள், பட்டம் விடுவார்கள். சூரியன் மறையும்வரை இங்கேயே இருங்கள். காலிக்காரர்களுக்கு இது தினசரி மாலை உலா. உங்கள் கேமராவுக்கு முன்னால் அவர்கள் வருவதாக நினைக்காமல், அவர்களுடைய திண்ணையில் நீங்கள் அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம்.

வெளியே, மதிலுக்கும் கடலுக்கும் இடையில், ஒரு முஸ்லிம் மகானின் அடக்கத்தலம் இருக்கிறது. மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

ஏயோலஸ் கொத்தளம் காற்றின் தெய்வத்தின் பெயர் கொண்டது. பருவக்காற்று வந்து மோதும் மேற்கு மதிலுக்கு ஏற்ற பெயர். இந்தப் பகுதியில் இராணுவ முகாம் இருக்கிறது. அறிவிப்புப் பலகைகளை மதியுங்கள். முகாமை நோக்கிப் படம் எடுக்காதீர்கள். வழி மூடியிருந்தால் உள்தெருவில் இறங்கி, மீண்டும் வடக்கு மதிலில் ஏறிக்கொள்ளுங்கள்.

கடைசிக் கட்டம்: நட்சத்திரக் கொத்தளம்

மேற்கு மதில் முடிந்து வடக்கு மதில் தொடங்கும் மூலை இது. கடல்மதிலின் அகலத்தைக் காலால் அளந்து வந்திருக்கிறீர்கள். இப்போது காலடியில் நிலம் சட்டென்று விரியும். நட்சத்திரத்திலிருந்து சந்திரனை நோக்கி, இந்த முறை மறுபக்கமிருந்து, மதிலின் முகத்தைப் பாருங்கள். மாலையில் நீங்கள் நின்று பார்த்த கோடுதான். காக்கும் பீரங்கி மட்டும் இடம் மாறியிருக்கிறது.

மதிலின் மேல் முழுப் பாதையிலும் விளக்கு வெளிச்சம் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சூரியன் மறைந்து அரை மணிக்குள் மணிக்கூண்டின் பக்கம் இறங்கிவிடுங்கள். காலி பஸ் நிலையத்திலிருந்து கொழும்புக்கு இரவிலும் பஸ் கிடைக்கும். ரயிலில்தான் திரும்புவது என்றால் கடைசி வண்டியின் நேரத்தை வந்து இறங்கியவுடனேயே நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு தங்க முடிந்தவர்கள் மறுநாள் காலை, ஊர் விழிக்கும் முன், சந்திரக் கொத்தளத்திலிருந்து கொடிப்பாறைவரை மேற்கு மதிலில் மட்டும் இன்னொரு முறை நடந்துவிட்டுப் புறப்படலாம்.